திராவிட மொழிகளின் கிளைப்பகுப்பும் பரவலும்

திராவிட மொழிகள் எவையென வகுப்பிற் கேட்டால், தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என நான்கின் பெயரை மாணவர் தடையின்றிக் கூறுவர். சற்றுப் படித்தவர் துளுவையுஞ் சேர்த்து ஐந்தாக்குவர். இவை எவ்வாறு தோன்றின என்று தொடர்ந்து வினவின், தமிழ்த்தாயின் வயிற்றிற் பிறந்தவை என்ற விடை வரும். 1891ஆம் ஆண்டில் வெளிவந்த மனோன்மணீய நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கம் நம்மவர் நெஞ்சில் ஊன்றிவிட்ட கருத்து இது. சுந்தரம்பிள்ளை அவர்கள் பாடியது பாட்டிற்குப் பொருந்தும். மொழிநூலுக்கும் அது பொருந்துமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

திராவிட மொழிகள் என இன்று எண்ணப்படுவன ஏறத்தாழ இருபத்தாறு. கணக்கிடுவோர் எதனைத் தனிமொழி என்பர், எதனைக் கிளைமொழி என்பர் என்பதைப் பொறுத்து இத்தொகை கூடியுங் குறைந்தும் வரும். இவற்றுட் பெரும்பாலானவை பழைய இலக்கியமோ நெடுங்கால எழுத்து வழக்கோ இல்லாதவை. நீலகிரியின் மலைச்சாரலிலும், பஸ்தார்க் காட்டிலும், ராஜ்மகால் குன்றுகளிலும், பலுசிஸ்தானத்தின் வறண்ட மேட்டு நிலத்திலும் வாழும் மக்களின் வாய்மொழிகள். ஆயினும் குடும்பத்தின் வரலாற்றை எழுதும்போது சங்க இலக்கியமுடைய தமிழும் எழுத்தறியாத பர்ஜியும் ஒரே அவையிற் சாட்சி சொல்ல வருகின்றன. தமிழின் சாட்சியம் பழையது என்பதில் ஐயமில்லை. பழைய சாட்சியம் யாவும் உறவை நிறுவப் பயன்படுமா என்பது வேறு வினா.

இம்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை முதன்முதற் சான்றுகாட்டி நிறுவியவர் சென்னையிற் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பவர். காம்பெல் எழுதிய தெலுங்கிலக்கணத்துக்கு 1816இல் அவர் சேர்த்த குறிப்புரையில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை நிரல்பட வைத்து, அவை வடமொழியிற் பிறந்தவை அல்ல என்று காட்டினார். மூன்று ஆண்டுகளின் பின் 1819இல் இராமநாதபுரத்தில் அவர் இறந்துவிட்டமையால் அம்முயற்சி அத்துடன் நின்றது. நாற்பது ஆண்டு கழிந்து 1856இற் கால்டுவெல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பிற் பன்னிரு மொழிகளை எடுத்து, ஆறினைத் திருந்தியன என்றும் ஆறினைத் திருந்தாதன என்றும் வகுத்தார். இந்தப் பகுப்பு மொழிக்குரிய பகுப்பன்று என்பதை நாம் மறத்தலாகாது. திருத்தமும் திருத்தமின்மையும் நூலுண்டா இல்லையா என்பதைக் காட்டுமேயன்றி, எம்மொழி எம்மொழிக்கு அணித்து என்பதைக் காட்டா. வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் ஏடுகள் உதிர்ந்த ஒரு பிரதியிலிருந்து இப்பன்னிரண்டையும் மனனஞ் செய்தபோது, தோடா மொழி தெலுங்கினும் தமிழுக்கு நெருங்கியது என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. பட்டியலை அமைத்த முறை அப்படி.

இருபதாம் நூற்றாண்டிலே நிலைமை மாறியது. கிறியர்சனின் இந்திய மொழியாய்வுத் தொகுதிகளுள் திராவிட மொழிகளைக் கூறும் நான்காந் தொகுதி 1906இல் வந்தது. டெனிஸ் பிறே என்பவர் பிராகூயி மொழிக்கு 1909இல் இலக்கணம் எழுதினார். எமனோ என்ற அறிஞர் 1935 முதல் மூன்றாண்டு நீலகிரியிற் றங்கிக் கோத்தா, தோடா மொழிகளை வாய்ச்சொல் கேட்டு எழுதினார். பறோ, பட்டாச்சார்யா ஆகிய இருவரும் 1953இற் பர்ஜி மொழியைப் பற்றி நூல் வெளியிட்டனர். பறோவும் எமனோவும் இணைந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் அச்சாகியது. அதே 1961இற் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வினையடிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இவர் 2003இல் எழுதிய பெருநூல் இன்று இத்துறையிற் கற்போர் முதலில் எடுக்கும் நூலாகும்.

இவ்வறிஞர் கையாண்ட அளவுகோல் யாது? இரு மொழிகள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் மட்டும் நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. பாட்டனிடமிருந்து வந்த ஒரு பழம்பொருளை எந்தப் பேரனும் பேணி வைத்திருக்கலாம். அதனை வைத்திருக்கும் இரு பேரர் ஒருதாய் மக்கள் என்று கூற இயலுமா? மூத்த மகனின் மகனும் இளைய மகனின் மகனும் அதனைப் பங்கிட்டிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டிற் புதிதாகத் தோன்றிய ஒரு பழக்கம் அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைகளிடத்தே காணப்படும். ஆகவே கிளை வகுப்பதற்குப் பொதுவான பழமை உதவாது. பொதுவான புதுமையே உதவும். இவ்விதியை மனத்திற்கொண்டு சில சொற்களை நோக்குவோம்.

தன்மை ஒருமைப் பெயர் தமிழிற் பண்டு யான், பின்னர் நான். யான் செய்யுளுக்குரியது, உயர்ந்தது. நான் பேச்சுக்குரியது, தாழ்ந்தது என்பது நம் உணர்வு. குடும்பம் முழுவதையும் பார்த்தால், குருக்கில் ஏன், பர்ஜியிலும் கோலாமியிலும் ஆன், பழங்கன்னடத்தில் ஆன், பழந்தெலுங்கில் ஏனு என்று மூலவடிவத்தின் வழி வந்த சொற்கள் எங்கும் பரந்து கிடக்கின்றன. யான் என்பதனால் நமக்குக் கிடைப்பது பழமையொன்றே. உறவைப் பற்றி அது எதுவுங் கூறுவதில்லை. நகரத்தை முதலாகவுடைய வடிவமோ தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, கோண்டி ஆகியவற்றுட் காணப்படுகிறது. கன்னடத்தில் நானு, தெலுங்கில் நேனு, கோண்டியில் நன்னா. குருக்கிலும் பிராகூயியிலும் பர்ஜியிலும் அது இல்லை. துளு, தோடா, கோத்தா ஆகியவை பழைய வடிவத்தையே வைத்திருப்பதனால், ஒருகாலத்தில் இரு வடிவமும் அருகருகே வழங்கின என்றும், பின்னர் ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது என்றும் கிருஷ்ணமூர்த்தி விளக்குவர். எனவே, தெலுங்கும் கோண்டியும் தமிழோடு ஒருகாற் கூடிவாழ்ந்தமைக்கு ஆதாரம், நாம் ஏட்டிற் போற்றும் யான் அன்று. வீதியில் வழங்கும் நான். இதனை முதன்முதல் உணர்ந்த நாளில் எனக்கு உண்டான வியப்புச் சிறிதன்று.

அவள் என்ற சொல் இன்னொன்று. ஆணுக்கு அவன், பெண்ணுக்கு அவள், அஃறிணைக்கு அது என மூன்றாகப் பகுத்தல் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. தெலுங்கிலோ வாடு என்பது ஆணுக்கு. பெண்ணுக்கும் பொருளுக்கும் அதி என்ற ஒரே சொல் அடிப்படையில் வழங்கும். கோண்டியும் அவ்வாறே. பெண்பால் ஒருமைக்குத் தனிவடிவம் படைத்தது தமிழுங் கன்னடமுஞ் சேர்ந்த தென்கிளையிலே நேர்ந்த புதுமை. தெலுங்கு அவ்வீட்டிற் பங்குகொள்ளவில்லை. அதன் உறவு வேறிடத்தே என்பதை மற்றொரு மாற்றம் காட்டுகிறது. தமிழில் உரல் எனப்படுவது தெலுங்கில் ரோலு. அவன் என்பது வாடு. இவன் என்பது வீடு. மரம் என்பது பழந்தெலுங்கில் ம்ரானு. சொன்முதல் உயிர் இடம்பெயர்ந்து பின்னே செல்ல, மெய் முன்னே வந்து நிற்கின்றது. இத்தகைய இடமாற்றம் கூயி, கூவி முதலிய ஒரிசா மலைமொழிகளிலும் உண்டு. ஆகவே பதினோராம் நூற்றாண்டில் நன்னயன் பாரதம் பாடிய தெலுங்குக்கு உடன்பிறந்தவை, கன்னடமுந் தமிழுமல்ல. ஏடறியாத கோண்டியும் கூயியுமே. முன்னர்த் தெலுங்கைக் கோலாமி முதலியவற்றுடன் நடுக்கிளையிற் சேர்த்தோர் உளர். அக்கொள்கை இன்று கைவிடப்பட்டது.

ஒலியொற்றுமை எவ்வாறு வழிதவறச் செய்யும் என்பதற்குச் செவி என்ற சொல் தக்க உதாரணம். தமிழிற் செவி, தெலுங்கிலுஞ் செவி. கன்னடத்திற் கிவி, துளுவிற் கெபி. இதை மட்டும் வைத்து முடிவு செய்பவர் தெலுங்கு தமிழுக்கு அணுக்கம், கன்னடஞ் சேய்மை என்பர். ஆனால் தமிழுக்கு மிக நெருங்கிய கோத்தாவும் தோடாவும் இச்சொல்லிற் ககரத்தையே வைத்திருக்கின்றன. அவை பிரிந்து சென்றபின்னரே தமிழிற் ககரம் சகரமாயிற்று. தெலுங்கில் நிகழ்ந்தது தனித்து நிகழ்ந்த மாற்றம். இரு வயல்களில் ஒரே பருவத்தில் ஒரே களை முளைத்தால், ஒன்றிலிருந்துதான் மற்றதற்கு விதை போயிற்று என்று கமக்காரன் சொல்வதில்லை.

இவ்வாறு வகுக்கப்பட்ட கிளைகள் நான்கு. தென்கிளையில் தமிழ், மலையாளம், குடகு, இருளம், குறும்பம், தோடா, கோத்தா, படகம், கன்னடம், துளு ஆகியன அடங்கும். 2011ஆம் ஆண்டின் இந்தியக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 இலட்சம். துளு பேசுவோர் 18 இலட்சத்துக்கு மேல். தோடர் தொகையோ இரண்டாயிரத்துக்குங் குறைவு. தென்-நடுக்கிளையில் தெலுங்கு, கோண்டி, கொண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா. நடுக்கிளையிற் கோலாமி, நாயக்கி, பர்ஜி, ஒல்லாரி, கதபா. வடகிளையிற் குருக்கு, மால்தோ, பிராகூயி.

இவற்றுட் கோண்டியைப் பற்றிச் சற்று விரித்தல் வேண்டும். 2011இல் ஏறத்தாழ 29 இலட்சத்து 84 ஆயிரம் பேர் கோண்டியைத் தாய்மொழியாகக் கூறினர். ஆயினும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், தெலுங்கானா எனப் பல மாநிலங்களிற் சிதறிக் கிடக்கும் அவர்கள் பேச்சு, ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக வேறுபட்டு, இரு கோடியில் உள்ளோர் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காத அளவுக்கு விலகிவிட்டது. இதனை ஒரு மொழி என்பதா, பல மொழி என்பதா? இவ்விடர்ப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேற்காபிரிக்காவில் நைகர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் இஜோ மக்கள் தம்மை ஓரினமாகக் கொள்வர். அவர்கள் பேசுவனவோ இசோன், நெம்பே, கலபாரி முதலிய பல மொழிகள். கே வில்லியம்சன் என்ற பெண்மணி நைஜீரியப் பல்கலைக்கழகங்களிற் கற்பித்தவாறே அவற்றை வகைப்படுத்துவதிற் பல்லாண்டு உழைத்தார். கிறீன்பேர்க் 1963இல் அவற்றைக் குவா என்ற கிளையிற் சேர்த்திருந்தார். பின்வந்தோர் பிரித்துத் தனிக்கிளையாக நிறுத்தினர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நமது வாக்கிய ஒழுங்கு அண்டை மொழிகளுக்கு மாறாக இஜோவில் வழங்குவதும் ஒரு புதுமை. அதனைக் கண்டு இஜோ தமிழுக்கு உறவு என்று எவரேனும் எழுதத் துணிவரேல், முற்கூறிய விதியை அவர் மறந்தவராவர். வாக்கிய ஒழுங்கு உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றக் கூடியது.

வடகிளையின் கதை வேறு வகையானது. தமிழிற் கண் எனப்படுவது குருக்கிலும் பிராகூயியிலும் தொண்டையிலிருந்து உராய்ந்தெழும் ககரத்துடன் ஒலிக்கும். மால்தோவிலும் அக்ககரம் மாறியே நிற்கின்றது. இம்மூன்றையும் ஒரு கிளையாக்கும் சான்றுகளுள் இது முக்கியமானது. குருக்குப் பேசும் ஒராவோன் மக்கள் சார்க்கண்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் உள்ளனர். 2011இல் அம்மொழியாளர் 19 இலட்சத்து 88 ஆயிரம். மால்தோ கங்கை வளைந்து திரும்பும் ராஜ்மகாற் குன்றுகளில் வழங்குகின்றது. பிராகூயியோ இவற்றிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், பாகிஸ்தானின் கலாத், குவெற்றாப் பகுதிகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரால் பேசப்படுகிறது. அதன் சொற்களுட் பெரும்பகுதி பலூச்சி, பாரசீகம், சிந்தி ஆகியவற்றினின்று பெற்றவை. எண்ணுப்பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே திராவிடம். நான்கு முதல் கடன். ஆயினும் வினையின் அமைப்பும் பெயர்ச்சுட்டும் மூலத்தை மறைக்கவில்லை. சிந்துவெளியில் எஞ்சி நின்ற பழங்குடி மொழி அது என்று ஒருசாரார் கூறுவர். குருக்கோடு அதற்குள்ள நெருக்கத்தைக் கொண்டு, நடுவிந்தியாவிலிருந்து பிற்காலத்தில் மேற்கே பெயர்ந்த மக்களின் மொழி என்று மற்றொரு சாரார் கூறுவர். இரண்டாவது கொள்கையே வலியது என்பது என் கருத்து. தொலைவில் நிற்கும் ஒன்று, தொலைவில் நிற்பதனாலேயே தொன்மையானதாகிவிடாது. திராவிட மொழிகள் பிரியத் தொடங்கி ஏறத்தாழ 4,500 ஆண்டாயிற்று என்று 2018இல் இருபது மொழிகளின் சொற்களைக் கணித முறையில் ஒப்பிட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. அவ்வாய்வும் கிளைகளுக்கிடையேயான பிரிவு வரிசையை உறுதியாகக் கூறவில்லை.

இனி நமது நாட்டை நோக்குவோம். இலங்கையின் இருபெரு மொழிகளும் இருவேறு குடும்பத்தன. சிங்களம் இந்து ஆரிய மொழி என்பதை வில்லெம் கைகர் 1900இலும் பின்னர் 1938இலும் வெளியிட்ட நூல்களாற் றெளிவாக்கினார். சிங்கள வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பெரும்பாலும் வழுவில்லாத தமிழ் வாக்கியமே வருவதைக் கண்டு, அம்மொழி திராவிடமே என வாதித்தோர் சிங்களவரிடையேயும் இருந்தனர், முதலியார் டபிள்யூ. எவ். குணவர்த்தனா அவருள் ஒருவர். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியற் றமிழகராதியிற் றமிழ் வேர்களை ஐரோப்பிய மொழிகளிலுந் தேடினார். அவர் உழைப்பு மலைக்கத்தக்கது. எனினும் அவர் முடிபு நிலைக்கவில்லை. சிங்களத்துக்கும் தமிழுக்குமுள்ள ஒற்றுமை ஈராயிரம் ஆண்டு அயல்வாழ்வின் பயன். அயலார் உடை நடை ஒத்து வருதல் இயல்பு. உறவுமுறையைப் பெயரெச்சத்தில் தேடாது, எண்ணுப் பெயரிலும் மூவிடப் பெயரிலும் தேடுதல் வேண்டும்.

மொழிப் பரவலைக் கல்வெட்டைக் கொண்டு வரைபவர்க்கும் வன்னி ஓர் எச்சரிக்கை தருகின்றது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைகளிலே கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டுக்கள் உள. பரணவிதான 1970இற் பதிப்பித்த தொகுதியில் அவற்றைக் காணலாம். அவற்றுள் விசாக என்னும் வணிகன் ஒருவன் தமேட எனக் குறிக்கப்படுகின்றான். தமிழன் என்பது பொருள். கல்வெட்டின் மொழியோ பிராகிருதம். பெயரைத் தந்த இனமும், எழுதிய மொழியும் ஒன்றல்ல. பிராகிருதக் கல்வெட்டுள்ள இடமெல்லாம் தமிழ் வழங்காத இடமென்று வரைவதும், தமேட என்ற சொல்லொன்றைக் கொண்டு ஊரெல்லாம் தமிழூர் என்று வரைவதும் ஒருங்கே பிழையாகும்.

ஈழத்தமிழ் மலையாளத்தினின்று வந்தது என்றொரு பேச்சு நெடுநாளாக உலவுகின்றது. பறைதல் என்னும் சொல் பேசுதற் பொருளில் யாழ்ப்பாணத்திலும் மலையாளத்திலும் வழங்குவதையும், காற்று, மாற்று என்பவற்றின் இரட்டை றகரத்தை இருவரும் நுனியண்ண வல்லொலியாகவே ஒலிப்பதையும் அதற்குச் சான்று காட்டுவர். பறைதல் பழந்தமிழிலும் உண்டு. நுனியண்ண வல்லொலியைத் தோடாவுங் கோத்தாவும்கூடப் பேணுகின்றன. இரண்டும் பாட்டன் பொருள், உறவுச் சான்றாகா. மாறாக என்று, கன்று ஆகிய சொற்களை நோக்குக. யாழ்ப்பாணத்தில் அவை எண்டு, கண்டு. மலையாளத்தில் என்னு, கன்னு. புதுமையில் இருவரும் வேறு வேறு வழி சென்றிருக்கின்றனர்.

உவன் என்ற சொல்லும் இவ்வாறே. தொல்காப்பியர் சுட்டெழுத்து மூன்றென்றார். அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இடைப்பட்டதற்கு உகரம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்து பல நூற்றாண்டாயிற்று. ஈழத்திலோ முன்னால் நிற்பவன் அருகிலுள்ளதைக் காட்டி உது என்று சிறுவருஞ் சொல்லுகின்றனர். குருக்கிலும் பிராகூயியிலும் மும்முறைச் சுட்டு இன்னுமுண்டு. இதனால் நாம் பிராகூயிக்கு அணுக்கமானவர் ஆகோம். ஒரு பழம்பொருளை இழக்காதவர் என்ற அளவே. இந்த உவனையும் உதுவையும் கொச்சை என்று கருதி மாணவர் கட்டுரையிற் சிவப்பு மையாற் கோடிடும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. தமிழகத்தில் அச்சான நூல்களில் இல்லை என்பதே அதற்குக் காரணம். தொல்காப்பியம் அவர்கள் மேசையிலேயே கிடக்கும்!

நம் வகுப்பறைகளில் இன்று மூன்று பேச்சுவழக்குகள் கூடுகின்றன. குளத்தைச் சார்ந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வன்னியார் வழிவந்த பிள்ளைகள் ஒருசார். இரணைமடு முதலிய குடியேற்றத் திட்டங்களால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரின் பேரர் ஒருசார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் ஒருசார். முதலிருவர் எண்டு என்பர். மூன்றாமவர் ன்னு என்பர். உவன் என்ற சொல் மலையக வீடுகளிற் பிறப்பிலேயே இல்லை. இங்கு வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் விளையாட்டிடத்தே அதனைக் கற்றுக்கொள்கின்றனர். புதுமை எங்ஙனம் பரவுகின்றது, பழமை எங்ஙனம் மீள்கின்றது என்பதை நூலிற் படியாது கண்ணாற் காணக்கூடிய இடம் இது.

யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஆராய்ந்தார், பேராசிரியர் சுசீந்திரராசா அதனை மேலும் விரித்தார். மட்டக்களப்புத் தமிழைப் பற்றிக் கமில் சுவலபில் எழுதி, பேச்சுத் தமிழ் வழக்குக்களுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது அதுவே என்றார். வன்னிப் பேச்சைப் பதிய முனையும் மாணவர்க்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. 2009இல் இடம்பெயர்ந்து, பின்னர் முத்தையன்கட்டிலும் நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் மீளக் குடியமர்ந்த முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் கேட்டுக் குறிக்கத்தக்கவை: உவன், உது, உங்கே என்பன எவ்வெப்பொருளில் வரும், என்று, ஒன்று, கன்று, தின்று என்பவற்றை எவ்வாறு ஒலிப்பர், குளத்தின் கட்டு, கலிங்கு, துருசு, வாய்க்கால் ஆகியவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள பெயர், உழவு, விதைப்பு, அருவி வெட்டு, சூடடிப்புக் காலத்துச் சொற்கள், உறவுமுறைப் பெயர்கள். சொல்லைச் சொன்னவரின் ஊரையும், அவர் பெற்றோரின் ஊரையும் பக்கத்தில் எழுதிக்கொள்க.